ஒரு லிட்டர் எண்ணெய்



பெங்களூரிலிருந்து ஒசூருக்குச் செல்லும் பெருஞ்சாலையில், கர்நாடக மாநிலத்தின் எல்லையை ஒட்டி நிற்கும் ஊர் அத்திபெலே. சீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இவ்வூரைக் கடந்துதான் தமிழ்நாட்டினுள் புகுகின்றது. காலை ஏழு மணிக்கு இச்சாலையின் ஓரத்தில் நிற்பவர் கண்ணில் முதலிற் படுவன மோட்டார் சைக்கிள்களே. ஒசூரிலிருந்து பொம்மசந்திரா, ஜிகணி, எலெக்ட்ரானிக் சிட்டி ஆகிய தொழிலிடங்களை நோக்கிச் செல்வோர் ஒருபுறம். அத்திபெலேயிலும் சந்தாபுராவிலும் குடியிருந்துகொண்டு ஒசூர்த் தொழிற்பேட்டைக்குச் செல்வோர் மறுபுறம். இவர்களிற் பலர் பிழைப்பை நாடிச் சொந்த ஊரைவிட்டு வந்த தமிழ் மக்கள்.

இவர்களுக்கு மோட்டார் சைக்கிள் ஓர் ஆடம்பரப் பொருள் என்று எவரும் சொல்லமாட்டார். உழவனுக்கு ஏர்மாடு எப்படியோ, அப்படியே தொழிலாளிக்கு இவ்வண்டி. மாடு படுத்தால் ஏர் நிற்கும். வண்டி படுத்தால் வேலை நிற்கும். மாட்டுக்கு என்ன தீனி, எத்தனை வேளை என்பதை அறியாத உழவன் இல்லை. ஆனால் பெட்ரோலுக்கு அடுத்தபடியாக வண்டி கேட்பது எதுவோ, அந்த என்ஜின் எண்ணெயைப் பற்றி அறிந்து வைத்திருப்பவர் நம்மிற் சிலரே.

மெக்கானிக் கடையில் அன்றாடம் நடக்கும் உரையாடலைக் கேளுங்கள். "எந்த ஆயில் போடட்டும், அண்ணா?" என்று கடைப் பையன் கேட்பான். "நல்லதாப் பார்த்துப் போடு, தம்பி" என்று நம்மவர் விடை சொல்லிவிட்டுத் தேநீர்க் கடைக்குப் போய்விடுவார். சொந்த ஊரில் இந்த விடை போதும். அங்கே மெக்கானிக் பக்கத்துத் தெருக்காரர்; நாளைக்கும் நம் முகத்தில் விழிக்க வேண்டியவர். வெளி மாநிலத்தில் அப்படியன்று. கடையின் பலகை நமக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் இருக்கின்றது. இன்று இருக்கும் கடை அடுத்த ஆண்டு இருக்குமோ என்னவோ. அங்கே நம்மைக் காக்க வல்லது தெரிந்த முகமன்று, தெரிந்த சொல். "நல்லது" என்பதற்குப் பதிலாக எந்தச் சொற்களைச் சொல்லவேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

நான் மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன், இயந்திரவியல் பயின்றவனல்லன். ஆயினும் எண்ணெய்க் குப்பியின் முகப்பில் அச்சிட்டுள்ள எழுத்தும் எண்ணும் ஒரு மொழியே. அம்மொழியில் இலக்கணம் மிகக் குறைவு. மூன்று தொடர்களைக் கற்றுக்கொண்டால் போதும். அவற்றைத் தமிழில் பெயர்த்துச் சொல்ல முயல்கிறேன்.

முதலில் எண்ணெயின் வேலையைப் பார்ப்போம். மசகு என்னும் சொல் நமக்குப் புதியதன்று. வைக்கோற் கரியை விளக்கெண்ணெயிற் குழைத்து மாட்டுவண்டியின் அச்சுக்கு இட்டார்கள் நம் முன்னோர். இரும்பும் இரும்பும், இரும்பும் மரமும் நேரே உராயாமல் இடையில் ஒரு மெல்லிய படலம் நிற்கவேண்டும் என்னும் அறிவு அதில் அடங்கியிருக்கிறது. மோட்டார் யுகத்திலும் ஆமணக்கு தன் இடத்தை உடனே இழந்துவிடவில்லை. 1909ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வேக்ஃபீல்டு என்பாரின் நிறுவனம் மோட்டார் எண்ணெயில் ஆமணக்கு எண்ணெயைக் கலந்து விற்றது. ஆமணக்கு எண்ணெயின் ஆங்கிலப் பெயரைக் கொண்டே அதற்குக் கேஸ்டிரால் என்று பெயரிட்டது. இன்று குப்பியில் இருப்பது பெரும்பாலும் கச்சா எண்ணெயிலிருந்து எடுத்ததும் செயற்கை முறையில் ஆக்கியதும் ஆகும். தத்துவம் மட்டும் அச்சுக்கு மசகிட்ட காலத்துத் தத்துவமே.

நம் பெரியவர்கள் சிலர், "எங்கள் காலத்தில் ஆயில் மாற்றியதே இல்லையே" என்று வியப்பதுண்டு. அவர்கள் சொல்வது மெய். மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் 1961 முதல் 1996 வரை செய்தளித்த ஜாவா, எஸ்டி வண்டிகளும், ஒசூரில் 1980ஆம் ஆண்டில் பிறந்த டி.வி.எஸ். 50 மொபெட்டும் இரண்டு வீச்சு என்ஜின் கொண்டவை. அவற்றில் எண்ணெயைப் பெட்ரோலோடு கலந்து ஊற்றுவார்கள். பெட்ரோலோடு சேர்ந்து அதுவும் எரிந்து, நீலப் புகையாக வெளியேறிவிடும். மீந்து நிற்பதொன்றும் இல்லையாதலால் என்ஜினில் மாற்றுவதற்கும் ஒன்றும் இல்லை. கியர்ப் பெட்டியின் எண்ணெயை மட்டும் கவனித்தால் போதும்.

நான்கு வீச்சு என்ஜினின் முறை வேறு. அதில் எண்ணெய் எரிவதில்லை. அடியில் தேங்கி நின்று, பம்பினால் மேலேற்றப்பட்டு, உறுப்புகளை நனைத்து, மீண்டும் அடிக்கே வந்து சேர்கின்றது. 1985ஆம் ஆண்டில் ஹீரோ ஹோண்டாவின் சி.டி. 100 வந்த பிறகு இவ்வகை என்ஜின் நம் நாட்டுச் சாலைகளிற் பெருகியது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக இறுக இரண்டு வீச்சு வண்டிகள் மறைந்தன. மொபெட்டே மாறிவிட்டது. 2015ஆம் ஆண்டில் வந்த டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 நான்கு வீச்சு என்ஜின் கொண்டது. ஆகவே, அப்பாவின் மொபெட்டுக்கு எண்ணெய் மாற்றவேண்டியதில்லை என்று கண்ட பிள்ளை, தன் மொபெட்டுக்கும் அஃதே என்று எண்ணுவானாயின் என்ஜினை இழப்பான். பெயர் ஒன்றாயினும் பொறி வேறு.

இனி, மோட்டார் சைக்கிளுக்கே உரிய ஒரு சிறப்பைச் சொல்லவேண்டும். காரில் என்ஜினுக்கு ஓர் எண்ணெய். கியர்ப் பெட்டிக்கு வேறோர் எண்ணெய். கையால் கியர் மாற்றும் கார்களிற் பெரும்பாலானவற்றில் கிளட்ச் எண்ணெயில் நனைவதேயில்லை. இன்றைய மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தப் பாகுபாடு கிடையாது. ஒரே எண்ணெய் பிஸ்டனைக் குளிர்விக்கிறது, கியர்ப் பற்களின் அடியைத் தாங்குகிறது, கிளட்ச்சுத் தட்டுகளையும் நனைக்கிறது. 1955ஆம் ஆண்டு முதல் சென்னையில் உருவான பழைய புல்லட் வண்டியில் என்ஜினுக்கும், கியருக்கும், கிளட்ச் இருக்கும் அறைக்கும் தனித்தனியே எண்ணெய் ஊற்றினார்கள். 2008 முதற்கொண்டு படிப்படியாக அந்த வண்டியும் ஒரே எண்ணெய் முறைக்கு வந்துவிட்டது.

ஒருவனே மூன்று வேலை பார்க்கும் வீட்டில் அவன் விரைவில் தளர்வது இயல்பு. கியர்ப் பற்கள் எண்ணெயை நசுக்கி நசுக்கி அதன் கொழகொழப்பைக் குறைக்கின்றன. கிளட்ச்சிலிருந்து உதிரும் தூள் அதிற் கலக்கிறது. காற்றினாற் குளிரும் என்ஜினின் வெப்பம் அதனைக் காய்ச்சுகிறது. இத்தனைக்கும் அதன் அளவு பல வண்டிகளில் ஏறத்தாழ ஒரு லிட்டர்தான். கார் எண்ணெய் நீண்ட தூரம் உழைக்க, மோட்டார் சைக்கிள் எண்ணெய் விரைவில் மாற்றப்படுவதற்குக் காரணம் இதுவே.

இப்போது குப்பியை எடுத்துப் படிப்போம். முதல் தொடர், எஸ்.ஏ.இ. என்னும் மூன்றெழுத்தும் அதனையடுத்து 10 டபிள்யூ 30, 20 டபிள்யூ 40, 15 டபிள்யூ 50 என்பன போன்ற எண்களும். எஸ்.ஏ.இ. என்பது 1905ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றிய மோட்டார்ப் பொறியாளர் சங்கத்தின் பெயர்ச் சுருக்கம். டபிள்யூ என்பதை எடை என்று பொருள் கொள்வார் உளர், அது பிழை. குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து அது. அதற்கு முன்னுள்ள எண், குளிர்ந்த நிலையில் எண்ணெய் எத்துணைக் கெட்டியாயிருக்கும் என்பதைக் காட்டும். எண் சிறிதானால் குளிரில் எளிதாக ஓடும். பின்னுள்ள எண், 100 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அதன் கெட்டித்தன்மையைக் காட்டும். எண் பெரிதானால் சூட்டிலும் தடித்து நிற்கும்.

10 டபிள்யூ எண்ணெயைச் சுழியத்துக்குக் கீழே 25 டிகிரி குளிரில் சோதிக்கிறார்கள். பெங்களூரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையோ, 1884 ஜனவரியில் கண்ட 7.8 டிகிரி. ஆகவே நம் பக்கத்துக் குளிருக்கு எந்த எண்ணெயும் உறைந்துவிடாது. ஆயினும் முன்னெண் சிறிதாயுள்ள எண்ணெய் காலையில் வண்டியைக் கிளப்பியவுடன் விரைந்து மேலேறும் என்பதை நினைவிற் கொள்க. "வெயில் நாடுதானே, தடித்ததாகவே போடுவோம்" என்று 10 டபிள்யூ 30 கேட்கும் வண்டிக்கு 20 டபிள்யூ 50 ஊற்றுவது கருணையாகாது. அவ்வண்டியின் பம்பும் எண்ணெய்த் துளைகளும் மெல்லிய எண்ணெய்க்கென அமைந்தவை. கைப்புத்தகம் எந்த எண்ணைச் சொல்கிறதோ அதுவே அவ்வண்டிக்கு மருந்து.

இரண்டாவது தொடர், ஏ.பி.ஐ. என்பது. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் தரும் தரவரிசை அது. பெட்ரோல் என்ஜின் எண்ணெய்க்கு எஸ் என்பது முதலெழுத்து. இரண்டாம் எழுத்து நெடுங்கணக்கில் எவ்வளவு பின்னே வருகிறதோ அவ்வளவு பிற்காலத்துத் தரம் என்பது பொருள். எஸ்.ஜே.யைவிட எஸ்.எல். பிந்தியது, அதனினும் எஸ்.என். பிந்தியது. கைப்புத்தகம் குறித்த எழுத்தாகவோ அதற்குப் பிந்திய எழுத்தாகவோ இருக்கலாம், முந்தியதாக இருத்தலாகாது.

மூன்றாவது தொடரே நம் வண்டிக்கு உயிர்நாடி. அது ஜாசோ எனப்படும் ஜப்பானிய மோட்டார் வண்டித் தர அமைப்பின் குறி. மோட்டார் சைக்கிளின் கிளட்ச் எண்ணெயில் நனைந்தபடியே பிடிக்கவேண்டும் என்று சொன்னேனல்லவா? கார் எண்ணெய்கள் சிலவற்றில் பெட்ரோல் சிக்கனத்துக்காக வழுக்குந்தன்மை தரும் பொருள்களைச் சேர்க்கிறார்கள். அந்த எண்ணெய் மோட்டார் சைக்கிளிற் புகுந்தால் கிளட்ச்சும் வழுக்கும். என்ஜின் உறுமும், வண்டி ஏறாது. இதனைத் தவிர்ப்பதற்காக 1998ஆம் ஆண்டில் ஜப்பானியர் ஒரு தரம் வகுத்தனர். அதில் எம்.ஏ. என்னும் குறி பெற்ற எண்ணெய், நனைந்த கிளட்ச்சுக்கு ஏற்றது, எம்.ஏ. 2 என்பது அதிலும் பிடிப்பு மிக்கது. எம்.பி. என்பது வழுக்கல் மிகுந்தது. கிளட்ச் எண்ணெயில் நனையாத ஸ்கூட்டர்களுக்கு உரியது. இந்த எம்.ஏ. பல்கலைக்கழகம் வழங்குவதன்று, இந்த எம்.பி. தேர்தலில் நிற்பவருமல்லர். கியர் மாற்றி ஓட்டும் மோட்டார் சைக்கிள்காரர் தேடவேண்டியது எம்.ஏ. என்னும் இரண்டு எழுத்துகளையே. ஸ்கூட்டருக்கு வாங்கி மீந்த எண்ணெயைத் தம்பியின் மோட்டார் சைக்கிளில் ஊற்றும் சிக்கனம் வேண்டாம்.

ஆக, தேநீர்க் கடைக்குப் போகுமுன் சொல்லவேண்டிய விடை இது: "பத்து டபிள்யூ முப்பது, எஸ்.எல்.லுக்குக் குறையாமல், ஜாசோ எம்.ஏ." எண்களும் எழுத்துகளும் வண்டிக்கு வண்டி மாறும், முறை மாறாது. கன்னடம் பேசும் கடையிலும், தெலுங்கு பேசும் கடையிலும், இந்தி பேசும் கடையிலும் இச்சொற்கள் ஒன்றே. மொழி தெரியாத ஊரிலும் செல்லுபடியாகும் நாணயம் இது.

எப்போது மாற்றுவது என்னும் கேள்விக்கு வருவோம். புது வண்டிக்கு முதல் மாற்றம் விரைவில் வரும். புதிய உறுப்புகள் ஒன்றோடொன்று பழகும்போது உதிரும் உலோகப் பொடியை வெளியேற்றுவது அதன் நோக்கம். அதன் பிறகு சில வண்டிகளுக்கு 3,000 கிலோமீட்டர், சிலவற்றுக்கு 5,000 அல்லது 6,000, புதிய வண்டிகள் சிலவற்றுக்கு 10,000 என்று கைப்புத்தகங்கள் கூறுகின்றன. கூடவே மாதக் கணக்கும் இருக்கும். இரண்டில் எது முந்துகிறதோ அதுவே கெடு.

அத்திபெலேயிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி ஏறத்தாழ 15 கிலோமீட்டர். போக வர 30. மாதம் 25 நாள் வேலையென்றால் 750 கிலோமீட்டர். எட்டே மாதங்களில் 6,000 ஆகிவிடும். இந்தக் கணக்கிலும் ஒரு குறை உண்டு. ஒசூர்ச் சாலையின் நெரிசலில் வண்டி அங்குலம் அங்குலமாக நகரும்போது தூரமானி நிற்கிறது, என்ஜின் நிற்பதில்லை. காற்றோட்டம் இல்லாமையால் அப்போதுதான் அது மிகுதியாகச் சூடேறுகிறது. தூரமானி அறியாத இந்த உழைப்பை எண்ணெய் அறியும். ஆதலால் நாள்தோறும் நெரிசலில் ஓட்டுபவர் கெடுவைத் தாண்டவிடாமல், சற்று முன்னதாகவே மாற்றுவது அறிவுடைமை. இடையிடையே அளவுகோலை எடுத்து எண்ணெய் மட்டத்தைப் பார்ப்பதும் இன்றியமையாதது. பதினைந்து நாளுக்கு ஒரு முறை அதற்காகச் செலவிடும் ஒரு நிமிடம், குறைந்துபோன எண்ணெயில் ஓடி என்ஜின் இறுகிப்போவதைத் தடுக்கும்.

நிறத்தைக் கண்டு மயங்கவேண்டாம். கறுத்த எண்ணெய் எல்லாம் கெட்ட எண்ணெயன்று. கரியைத் தன்னுள் வாங்கி மிதக்கவிடுவது நல்ல எண்ணெயின் கடமை. அஞ்சவேண்டிய நிறம் வேறு. எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்துள்ளது என்று அறிக. 2022 செப்டம்பரில் பெங்களூரின் பல பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கியபோது எண்ணற்ற வண்டிகள் நீரில் நின்றன. அத்தகைய வண்டியை உடனே கிளப்பிப் பார்க்கலாகாது. எண்ணெயை வடித்துச் சோதித்து, மாற்றிய பின்னரே கிளப்பவேண்டும்.

அடுத்தது எண்ணெய் வடிகட்டி. கடைமொழியில் ஆயில் ஃபில்டர். வடிகட்டி வாங்கப் போகுமுன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்க: என் வண்டியில் மாற்றத்தக்க வடிகட்டி இருக்கிறதா? 1994ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் ஓடும் ஸ்பிளெண்டர் போன்ற வண்டிகளில் தாள் வடிகட்டி கிடையாது. எண்ணெய் ஏறும் வழியில் ஒரு கம்பி வலையும், என்ஜினோடு சுழன்று, தயிர் கடைவதுபோல் அழுக்கை விளிம்புக்கு ஒதுக்கும் ஒரு கிண்ணமும் உண்டு. அவற்றைக் குறித்த காலத்தில் கழற்றித் துடைப்பதே முறை. கிண்ணத்தைத் திறக்கக் கிளட்ச் பக்கத்து மூடியைக் கழற்றவேண்டுமாதலால் அதனை மெக்கானிக்கிடம் விடுவது நன்று. இவ்வண்டிக்காரரிடம் தாள் வடிகட்டிக்கு எவரேனும் பணம் கேட்டால், அவர் எங்கே அதை மாட்டினார் என்று வினவுவது நியாயமே.

பல்சர், இன்றைய புல்லட் முதலிய வண்டிகளில் தாள் வடிகட்டி உண்டு. மனிதனின் தலைமயிர் ஏறத்தாழ 70 மைக்ரான் பருமனுடையது. அதனினும் நுண்ணிய துகள்களை அத்தாள் பிடித்துவைக்கிறது. மடிப்பு மடிப்பாக இருப்பதற்குக் காரணம், சிறு இடத்தில் மிகுந்த பரப்பை அடக்குவதே. தாள் அழுக்கினால் அடைபட்டால் என்ன ஆகும்? எண்ணெய் வரத்து நின்றுவிட்டால் என்ஜின் சில நிமிடங்களில் பாழாகும். அதனால் ஒரு மாற்றுவழி வால்வை வடிகட்டியிலோ என்ஜினிலோ அமைத்திருப்பார்கள். அடைப்பு மிகும்போது அது திறந்து, வடிகட்டாத எண்ணெயையேனும் உள்ளே விடும். இல்லாமைக்கு அழுக்கெண்ணெய் மேல் என்பது அதன் நீதி. இதன் பொருளை நாம் உணரவேண்டும். வடிகட்டியை மாற்றாமல் ஓட்டுபவர் வண்டியில் எந்த ஓசையும் கேட்காது. எந்த விளக்கும் எரியாது. வடிகட்டாத எண்ணெய் மட்டும் ஓசையின்றி உள்ளே அரைத்துக்கொண்டிருக்கும்.

வடிகட்டியைத் தெரிந்தெடுக்கக் கண்ணளவை நம்பலாகாது. உருவில் இரட்டைப் பிள்ளைகள்போல் தோன்றும் இரண்டு வடிகட்டிகள் ரப்பர் வளையத்தின் அளவிலும், திருகின் புரியிலும், மாற்றுவழி வால்வு திறக்கும் அழுத்தத்திலும் வேறுபடலாம். கைப்புத்தகத்திலோ உதிரிப்பாகப் பட்டியலிலோ உள்ள பாக எண்ணைச் சொல்லி வாங்குக. பழைய வடிகட்டியைத் தூக்கி எறியுமுன் புதியதை அதன் அருகில் வைத்து உயரம், துளை, வளையம் மூன்றையும் ஒப்பிடுக. உறைக்குள் வைக்கும் வகையாயின், எந்த முனை உள்நோக்கி இருந்தது என்பதைக் கழற்றும்போதே குறித்துக்கொள்க. சில என்ஜின்களில் அதனைத் திருப்பி வைத்தால் எண்ணெயின் வழியே அடைபட்டுவிடும். எண்ணெய் மாற்றும்போதெல்லாம் வடிகட்டியை மாற்றுவதா, ஒரு முறை விட்டு மாற்றுவதா என்பதையும் கைப்புத்தகமே சொல்லும். ஐயமிருப்பின் மாற்றுவதே நன்று. ஒருவேளைச் சாப்பாட்டின் விலைக்காக என்ஜினைப் பணயம் வைக்கவேண்டாம்.

தாமே செய்ய விரும்பும் நேயர்களுக்கும், மெக்கானிக் செய்வதை அருகிருந்து பார்க்க விரும்புவோர்க்கும் முறையைச் சுருக்கிச் சொல்கிறேன். வண்டியைச் சமதரையில் நடுத்தாங்கியிட்டு நிறுத்தி, ஓரிரு நிமிடம் ஓடவிட்டு அணைக்கவும். வெதுவெதுப்பான எண்ணெய் அழுக்கோடு சேர்ந்து வடியும். கொதிக்கும் எண்ணெய் கையைச் சுடும். மேல் மூடியைத் திறந்து, அடியில் தட்டு வைத்து, வடிகால் போல்ட்டைக் கழற்றுக. வடிந்த எண்ணெயில் மிக நுண்ணிய மினுக்கம் இருந்தால் கவலை வேண்டாம்; விரலுக்குத் தட்டுப்படும் உலோகச் சில்லுகள் இருந்தால் என்ஜினைக் காட்டுவது நன்று. சொட்டு நின்றபின் வலையைத் துடைத்து, வடிகட்டியை மாற்றி, அதன் ரப்பர் வளையத்தில் சிறிது புது எண்ணெய் தடவி மூடுக. போல்ட்டின் வாஷரைப் புதிதாக இடுக. என்ஜினின் அடிப்பகுதி அலுமினியம். முழு வலிமையையும் காட்டி இறுக்கினால் புரி அறுந்துபோகும். பத்து ரூபாய் வாஷரில் முடியவேண்டியது பெருஞ்செலவில் முடியும்.

பிறகு குறித்த அளவினும் சற்றுக் குறைவாக எண்ணெய் ஊற்றி, வண்டியை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு அணைத்து, இன்னும் சில நிமிடம் பொறுத்து அளவுகோலைப் பார்க்கவும். பல வண்டிகளில் அளவுகோலைத் திருகாமல் வெறுமனே செருகிப் பார்க்கவேண்டும். மேற்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடையில் எண்ணெய் நிற்கவேண்டும். கூடுதலாக ஊற்றினால் நுரைக்கும். நுரைத்த எண்ணெய் படலமாக நிற்காது. உணவுபோலவே இதிலும் மிகையும் குறையும் நோய்.

இரண்டு எச்சரிக்கைகள் எஞ்சியுள்ளன. ஒன்று போலிச் சரக்கு. காலிக் குப்பிகளைச் சேகரித்து மட்டமான எண்ணெயை நிரப்பி விற்பவர் உண்டு. குப்பியின் முத்திரை நம் கண்முன் உடைபடவேண்டும். எண்ணெய் ஊற்றிய பின் காலிக் குப்பியை வெட்டியோ துளைத்தோ எறியவேண்டும். தெரிந்த கடையில் ரசீதோடு வாங்குவது நலம்.

மற்றொன்று, வடித்தெடுத்த பழைய எண்ணெய். இதனைச் சாக்கடையில் ஊற்றுவோரும், கட்டட வேலைப் பலகைக்குப் பூசுவோரும், புழுதி அடங்கத் தரையில் தெளிப்போரும் உளர். ஒரு காரிலிருந்து ஒரு முறை வடித்த எண்ணெய், பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்க வல்லது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கூறுகிறது. அது தோலில் இடைவிடாது படுவதும் கேடு. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் பழைய எண்ணெயைக் கட்டுப்படுத்துகின்றன. எண்ணெய் உற்பத்தியாளர்களே அதன் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்கவேண்டும் என்று 2023இல் சேர்த்த விதிகள் 2024 ஏப்ரல் முதல் நாளில் நடைமுறைக்கு வந்தன. வீட்டில் மாற்றுபவர் செய்யவேண்டியது எளிது: பழைய எண்ணெயை மூடியுள்ள குப்பியில் நிரப்பி, அதனைச் சேகரித்து அனுப்பும் சர்வீஸ் நிலையத்திற் கொடுத்துவிடுக. நீரோடும் பெட்ரோலோடும் அதனைக் கலக்கவேண்டாம். கலந்தால் மீட்டெடுப்பது கடினம்.

இதனைச் சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. நந்தி மலைப் பக்கம் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூருக்குக் கிழக்கே ஓடி, எல்லையைக் கடந்து, ஒசூரையடுத்த கெலவரப்பள்ளி அணைக்கு வந்து சேர்கின்றது. கழிவுநீர் கலந்ததனால் அவ்வணையில் வெண்ணுரை மலைபோற் பொங்கிய செய்தியைப் பலமுறை படித்திருப்பீர்கள். அங்கிருந்து கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் என்று நம்மிற் பலர் பெற்றோரையும் நிலத்தையும் விட்டுவந்த மாவட்டங்களின் வழியே அது கடலுக்குப் போகிறது. எல்லைக்கு இப்பால் நாம் சாக்கடையில் ஊற்றுவது, எல்லைக்கு அப்பால் நம் வீட்டுக் கிணற்றை நோக்கி நடக்கும். மாதந்தோறும் மணியார்டர் அனுப்பிய தலைமுறையின் பிள்ளைகள் நாம். ஊருக்கு அனுப்பத் தகாததை அனுப்பாதிருப்போமாக.

வண்டியின் கைப்புத்தகம் பெரும்பாலும் பெட்டியின் அடியில், காப்பீட்டுத் தாள்களுக்குக் கீழே, பிரிக்கப்படாமலே கிடக்கும். இன்றிரவு அதனை வெளியே எடுங்கள். எண்ணெயின் கெட்டித்தன்மை எண், தர எழுத்து, ஜாசோ குறி, வடிகட்டியின் பாக எண், மாற்றவேண்டிய தூரம் ஆகிய ஐந்தையும் ஒரு சிறு அட்டையில் தமிழிலேயே எழுதி, ஓட்டுநர் உரிமத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் படிக்க இயலாத நண்பர் உங்கள் அறையில் இருந்தால் அவர் வண்டிக்கும் ஓர் அட்டை எழுதிக் கொடுங்கள். அடுத்த முறை கடைத் தம்பி, "எந்த ஆயில் போடட்டும், அண்ணா?" என்று கேட்கும்போது விடை உங்கள் சட்டைப் பையில் இருக்கும்.